வால்யூம் 27

“ஸ்பீக்கர் போயிருச்சாட்ட இருக்குது கண்ணு. பாட்டு என்னமோ படிக்குது. என்ன படிக்குதுன்னுதான் வெளங்க மாட்டேங்குது.”

போன வருடம் ஆடிப்பெருக்குக்குக் குமாரபாளையம் போயிருந்தபோது அப்பா இப்படிச் சொன்னார். நானும் வண்டியில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது சரியென்றுதான் பட்டது. பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. வலதுபக்கக் கதவுக்குள் எதுவோ தாளத்தோடு சேராமல் கடகடத்தது. திரையில் வால்யூம் 27 என்று காட்டியது. அந்தப் பெட்டியின் உச்சமே 35தான்.

வண்டி 2014 மாடல். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் கடன் போட்டு நான் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அப்பா, வீட்டை ஒட்டிய பட்டறையில் இருந்த நான்கு விசைத்தறிகளையும் விற்றிருந்தார். 2012இன் மின்வெட்டுக் காலத்தில் தறி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். அந்த வருடத்துக் கடனிலிருந்து அவரால் எழவே முடியவில்லை. விற்கப்போவதாக அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்து இறங்கினால் பட்டறை காலியாகக் கிடந்தது. தரையில் நான்கு எண்ணெய்க் கறைகள். “எடைக்குப் போட்டுட்டேன் கண்ணு” என்றார், பழைய பேப்பரைப் போட்டதுபோல. கார் வாங்கும் யோசனை எனக்கு அந்தக் காலிப் பட்டறையில்தான் வந்தது. இன்றும் வண்டி நிற்பது அங்கேதான்.

வண்டி வந்ததும் முதலில் பழனிக்குப் போனோம். அப்பா குமிழைத் திருகி 11இல் நிறுத்தினார். “பத்துல வெச்சா என்னவாமா?” என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள். “மொய்யாட்ட ஒத்தப்படையாவே இருக்கட்டும்” என்றார். அதிலிருந்து அது எங்கள் வீட்டு வேடிக்கை ஆனது. அப்பா எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைப்பார். 11 ஒரு கட்டத்தில் 15 ஆனது. பிறகு 21. கொரோனாவுக்குப் பின் 25. வண்டிக்கு வயதாகிறது, ஸ்பீக்கர் பேப்பர் தளர்ந்துகொண்டே போகிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஈரோட்டில் ஒரு கார் ஆடியோ கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பழைய பெட்டியக் கழட்டி எறிஞ்சுட்டு ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போட்ரலாம் தம்பி. பத்து இஞ்சு. யூட்யூப் எல்லாம் வரும்” என்றார்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பாக்காம அமுக்க முடியுமுங்களா?”

அண்ணன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. “அப்பப் பொட்டி அப்படியே இருக்கட்டுமுங்க” என்றார்.

*

எனக்கும் அதுவே சரியென்று தோன்றியது. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ், சோறு போடுவது மென்பொருள். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன நிரலைத் தொடாமல், அதன் வாயில் ஒரு புது நிரலைச் செருகி வேலையை நடத்துவதுதான் என் பிழைப்பில் பாதி. ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றி எறிவது எளிது. அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயிரம் பழக்கங்களை என்ன செய்வது? அந்தப் பெட்டியோடு ஸ்டியரிங் பொத்தான்கள் பேசுகின்றன. கடிகாரம் அதில்தான் இருக்கிறது. டேஷ்போர்டில் அதன் பள்ளம்கூட அதற்கென்றே வார்த்தது. எல்லாவற்றுக்கும் மேல், அப்பாவின் இடது கைக்கு அந்தக் குமிழ் தெரியும். அறுந்த பாவு நூலைக் கண்ணால் தேடாமல் விரலால் தேடிப் பிடித்துப் பழகிய கை அது.

ஆகவே பெட்டி இருக்கும், அதற்கு அப்பால் எல்லாம் மாறும் என்று முடிவானது. அடுத்த மூன்று மாதங்கள், மாதம் இரண்டு சனி ஞாயிறுகளில் அந்தக் காலிப் பட்டறையில் வேலை நடந்தது.

கம்பெனியிலிருந்து வரும் பெட்டியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் சக்தி. இந்தப் பெட்டிகளில் 50 வாட் என்று போட்டிருப்பது வழக்கம். வண்டி ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் 14 வோல்ட் சொச்சம். அதை நேரடியாக வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் எவ்வளவு சக்தியை இறக்க முடியும் என்று கல்லூரி முதலாண்டுக் கணக்குப் போட்டாலே, ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் பக்கம் வந்து நின்றுவிடும். 50 என்பது ஒலி சிதைந்து நாராசமான பிறகு கிடைக்கும் எண்.

இரண்டாவது, கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் எழும் அலையும் பின்னால் எழும் அலையும் ஒன்றுக்கொன்று நேரெதிர். கதவின் உள்தகட்டில் ஓட்டைகள் இருந்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடும். கனமான ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். ஐயாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் மாட்டுவதைவிட, பழைய ஸ்பீக்கரையே வைத்துக்கொண்டு கதவை அடைப்பது மேல். பியூட்டைல் ரப்பர் தாள்களை வாங்கி, வெயிலில் காயவைத்து இளக்கி, உருளையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன். கதவுக்குள் கடகடத்தது ஒரு பூட்டுக் கம்பி. அதற்கு ஒரு துண்டு ஸ்பாஞ்சு போதுமானதாக இருந்தது.

மூன்றாவது விஷயம்தான் பெட்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கு முக்கியமானது. மலிவான ஸ்பீக்கர் கிழிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல பெட்டிகள் ஒரு தந்திரம் செய்யும். வால்யூம் ஏற ஏற, நமக்குத் தெரியாமல் பேஸை மட்டும் குறைத்துக்கொண்டே வரும். எல்லா அலைவரிசைகளும் சீராகக் கலந்த ஓர் இரைச்சல் உண்டு, பிங்க் நாய்ஸ் என்பார்கள், அருவிச் சத்தம் மாதிரி இருக்கும். அதை ஒரு பென் டிரைவில் போட்டு ஓடவிட்டு, பெட்டியிலிருந்து வெளிவரும் மின்குறியை லேப்டாப்பில் அளந்தேன். 11, 15, 21 வரை கோடு ஏறத்தாழ ஒரே வடிவம். 21ஐத் தாண்டியதும் இடதுமுனை சரியத் தொடங்கியது. 27இல் 60 ஹெர்ட்ஸ் பக்கம் 8 டெசிபல் பள்ளம்.

அப்பா இவ்வளவு நாள் இதைத்தான் கேட்டிருக்கிறார் என்று புரிந்ததும் எனக்கு ஒரு கண்டுபிடிப்பின் சந்தோஷம். சரியாகக் கேட்கவில்லை என்று அவர் கூட்டுகிறார். கூட்டக் கூட்டப் பெட்டி பாட்டின் பாதியை எடுத்துவிடுகிறது. ஆகவே தீர்வும் எளிது. 21ஐத் தாண்ட வேண்டிய தேவையே வராதபடி செய்துவிட வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டுக்கும் வண்டியின் ஒயர் கட்டுக்கும் நடுவே ஒரு ஹார்னஸ். ஒரு ஒயரைக்கூட வெட்டவில்லை. நாளைக்கே வேண்டாமென்றால் பிடுங்கிவிட்டுப் பழையபடி செருகிக்கொள்ளலாம். அதிலிருந்து வரும் குறி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வைத்த டிஎஸ்பி ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. டிஎஸ்பி என்பது ஒலியை எண்களாக்கி, கணக்குப் போட்டுத் திருத்தி, மறுபடி ஒலியாக்கித் தரும் சின்னக் கணினி. இதைத் தூங்கி எழ வைக்கத் தனி ஒயர்கூட வேண்டாம். பெட்டி விழித்ததும் ஸ்பீக்கர் ஒயர்களில் 6, 7 வோல்ட் வந்து நிற்கும். அதைப் பார்த்து இதுவும் விழித்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தப் பெட்டிகளில் மைனஸ் ஒயர் என்பது பெயருக்குத்தான் மைனஸ், அதிலும் குறி ஓடுகிறது. அது வண்டியின் உடம்பைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரில், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் போட வேண்டும். ஃப்யூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, ஒயர் எங்காவது உரசி வண்டி எரியாமல் இருக்க.

அப்பா ஒரு முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். நான் கேட்கும் முன்பே ஸ்க்ரூ டிரைவரை நீட்டுவார். அதிகம் பேச்சில்லை. “எவ்வளவு ஆச்சு?” என்று ஒருமுறை கேட்டார். முப்பத்தெட்டாயிரம் ஆகியிருந்தது. பன்னிரண்டு என்றேன். “அவ்வளவா!” என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்ததே அதில் பேச வேண்டியதில்லை என்பதால்தான். 2023 தொடக்கத்தில் எனக்கு வேலை போயிற்று. காலையில் ஒரு மின்னஞ்சல், மதியத்துக்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு இதே வண்டியில் அப்பாவும் நானும் மட்டும் போகும்போது, சங்ககிரி தாண்டியதும் சொன்னேன். சாலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. அவரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆகட்டும் ஆகட்டும்” என்றார். பிறகு கையை நீட்டிப் பாட்டைக் கூட்டினார்.

அன்று ராத்திரி அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். அவள் அழுதாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஐந்து மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த “ஆகட்டும்” எனக்குள்ளேயே கிடந்தது. அதன் பிறகு அவரிடம் எதையும் பெரிதாகச் சொல்வதை விட்டுவிட்டேன். சொல்லாமல் ஒரு மனிதருக்கு எதையாவது செய்ய வேண்டுமென்றால் ஒயர் இழுப்பது நல்ல வழி.

*

கார்த்திகையில் எல்லாம் மாட்டி முடித்தேன். அதற்கு மேல் இருந்தது சரிசெய்யும் வேலை. ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்தில் அளவு மைக்கை வைத்து அளக்க வேண்டும். வலதுகதவு ஸ்பீக்கர் அப்பாவின் காதிலிருந்து 90 சென்டிமீட்டர், இடதுகதவு ஸ்பீக்கர் 130. ஒலி ஒரு மில்லி நொடிக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. வலதுபக்கத்தை 1.17 மில்லி நொடி தாமதப்படுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அதைச் செய்ததும் நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அதுவரை வலது முழங்காலுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த குரல் எழுந்து, டேஷ்போர்டின் மேல், கண்ணுக்கு நேராக வந்து நின்றது. இளையராஜாவின் பேஸ் கிட்டார் என்று நாம் பேசிக்கொள்கிறோமே, அது பாட்டுக்கு அடியில் வேறொரு பாட்டாகத் தனியே நடந்து போவதை அந்த வண்டியில் முதல்முறையாகக் கேட்டேன். கோடு திரையில் சீராக இருந்தது. 15இலேயே வண்டி நிறைந்தது. 17க்கு மேல் யாருக்கும் தேவைப்படாது.

அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு இடது கையை நீட்டினார். 17, 19, 21. பேஸ் சரியத் தொடங்கும் இடத்தையும் தாண்டி 27இல் போய் நிறுத்தினார். இப்போது பின்னால் இருப்பது பழைய 20 வாட் அல்ல. கண்ணாடி அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

“நல்லாருக்குது கண்ணு” என்றார், கத்தி. “சத்தம் நல்லா கணீர்னு இருக்குது. ஆனா வார்த்தை இன்னும் வெளங்கலையே. பொட்டியத்தான் மாத்தோணுமாட்ட இருக்குது.”

அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். “டிவியும் அப்படித்தான் வெக்கறாரு. அதுக்கும் ஸ்பீக்கர் மாத்தப் போறயா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

லேப்டாப் இன்னும் ஆம்ப்போடு இணைந்துதான் இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, வெறும் தொனிகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். “கேக்கறப்ப கையத் தூக்குங்கப்பா.” 250 ஹெர்ட்ஸுக்குத் தூக்கினார். 500க்குத் தூக்கினார். 1000க்கும். 2000க்குக் கொஞ்சம் யோசித்துப் பாதி தூக்கினார். 3000க்குப் போனேன். பல் கூசும் ஓசை. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் கூட்டினேன்.

“நிறுத்திட்டயா கண்ணு?” என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “என்ன கருமம் அது, காதுக்குள்ள கம்பிய விட்டாப்பல!”

*

மூன்று மாதமாக நான் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அளந்திருந்தேன். பெட்டி, ஒயர், ஆம்ப், ஸ்பீக்கர், கதவு, வண்டிக்குள் இருக்கும் காற்று. மைக்கை நான் வைத்த இடம் அவருடைய காது இருக்கும் இடம். அதற்கு அப்பால் அளக்கவில்லை.

எங்கள் ஊரில் தறிச் சத்தத்தை யாரும் சத்தமாக எண்ணுவதில்லை. சின்ன வயதில் எனக்குத் தறி ஓடினால்தான் தூக்கம் வரும். கரன்ட் போனால் அந்த அமைதியில் விழிப்புத் தட்டிவிடும். விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90தான் உச்ச வரம்பு. எங்கள் ஊரில் ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். அப்பா இருபது வயதில் கூலித் தறிக்குப் போனவர். பிறகு சொந்தத் தறி. எல்லாமாக முப்பத்து நான்கு வருடம். காதில் பஞ்சு வைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். சுருளின் வாசலில் இருப்பவை கூர்மையான ஒலிகளைப் பிடிப்பவை, உள்ளே போகப் போகக் கனமான ஒலிகள். தொடர்ந்த இரைச்சலில் முதலில் சாகிறவை வாசலை ஒட்டியவை, குறிப்பாக 4000 ஹெர்ட்ஸ் பக்கம். கோழிக்கு இந்தச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்கும். மனிதருக்கு முளைக்காது.

அந்த இடம் போனால் சத்தம் போவதில்லை, வார்த்தை போகிறது. அ, ஆ, ஓ எல்லாம் கீழே இருக்கின்றன, நன்றாகக் கேட்கும். ஒரு வார்த்தையை இன்னொன்றிலிருந்து பிரிப்பவை க், ச், ட், த், ப் போன்ற மெய்கள். அவற்றின் கூர்மை மேலே இருக்கிறது. ‘பாட்டு’ம் ‘காத்து’ம் ஒன்றாகிவிடும். கேட்கிறது, விளங்கவில்லை. அப்பா முதல் நாளே இதை எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்!

ஈரோட்டில் காது மருத்துவமனையில் சோதனை எடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று மாதமாக லேப்டாப்பில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே படம். குறுக்கே ஹெர்ட்ஸ், நெடுக்கே டெசிபல். 500இல் 25, 2000இல் 45, 4000இல் 70. 4000க்கு நேராக ஒரு பள்ளம், 8000இல் கொஞ்சம் மேலே வந்து நின்றது. சோதனை செய்த பெண் தாளைப் பார்த்தபடியே, “ஐயா தறி ஓட்டினீங்களா?” என்று கேட்டார். நாங்கள் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. “பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம்னு தெனமும் இந்தப் பள்ளத்தப் பாக்கறேன் சார்” என்றார்.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். “இவர் உதட்டப் பாத்துத்தான் பேச்சப் புரிஞ்சுக்கறார். தறிக்கூடத்துல எல்லாரும் அப்படித்தானே பேசுவாங்க.” லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் இரைச்சலுக்கு நடுவே வாயசைவாலேயே பேசிக்கொண்டதற்குத் தனிப் பெயரே இருந்ததாகப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அவ்வளவுதான். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது அப்பாவுக்கு எல்லாம் விளங்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வண்டிக்குள் யாரும் எதிரெதிரே உட்காருவதில்லை.

*

மருத்துவமனை வாசலில் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா பக்கத்துச் சீட்டில், தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் திரும்பி, அவருக்கு முகம் தெரியும்படி உட்கார்ந்தேன்.

“அப்பா, ரண்டு வருசத்துக்கு முன்னாடி சேலத்துக் கல்யாணத்துக்குப் போனமே. சங்ககிரிகிட்ட நான் ஒண்ணு சொன்னனே, கேட்டுச்சுங்களா?”

“என்ன சொன்னே?”

“வேலை போயிருச்சுன்னு.”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கிட்டச் சொன்னயா?” என்றார்.

“ஆமாங்கப்பா. ஆகட்டும்னு சொன்னீங்க.”

“பாட்ட மாத்தட்டுமான்னு கேக்கறயாட்ட இருக்குதுன்னு நெனச்சிருப்பேன்.” கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். “உங்கம்மாதான் சொன்னா. அவகிட்டச் சொல்லியிருக்கறே, எங்கிட்டச் சொல்லலைன்னு இருந்துது. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். அப்பறம், தறிய வித்தப்ப நானும் உங்கிட்டச் சொல்லலை பாரு, அதாட்டத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பவானி வரைக்கும் பாட்டும் போடவில்லை.

காது மெஷின் வேண்டாம் என்று நான்கு மாதம் சாதித்தார். “கெழவன்னு போர்டு மாட்டிக்கறதா?” என்றார். ஒருநாள் அவரைக் கூட்டிப்போய் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கும் டிஎஸ்பியைக் காட்டினேன். பெட்டியை மாற்றாமல் என்ன செய்தோமோ அதையேதான் அந்தக் குட்டி மெஷினும் செய்கிறது. மைக்கில் வாங்கி, எண்ணாக்கி, எங்கே பள்ளமோ அங்கே மட்டும் தூக்கிவிடுகிறது. அதில் ஒரு கூடுதல் நுட்பமும் உண்டு. அப்பா மாதிரிக் காதுகளுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் கொஞ்சம் கூட்டினாலே திடீரென்று தாங்க முடியாமல் போய்விடும். “சத்தமாப் பேசு” என்பவர் அடுத்த வாக்கியத்திலேயே “ஏன் கத்தறே?” என்று கோபிப்பது இதனால்தான். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி இப்படித் தொடங்கியவை. மெஷின் மெல்லியதை அதிகமாகத் தூக்கி, பெரியதைக் குறைவாகத் தூக்கும். என் டிஎஸ்பியில் அந்த வசதி கிடையாது. அப்பா கடைசியில் கேட்டது இதுதான்: “பொட்டி அப்படியேதான் இருக்குமுல்ல?” எந்தப் பெட்டியைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

டிஎஸ்பியில் இரண்டு அமைப்புகள் வைத்திருக்கிறேன். ஒன்று நான் ஓட்டும்போது. இன்னொன்று அவருக்கு. அதில் 2000 பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கிறேன், 4000ஐ விட்டுவிட்டேன், எவ்வளவு ஏற்றினாலும் ஓர் அளவுக்கு மேல் போகாமல் ஒரு கட்டுப்பாடு. அந்தக் கோடு பார்க்க அசிங்கமாக இருக்கும். என் கோடு இன்னும் அழகாக இருக்கிறது, மாதத்தில் இரண்டு நாள் மட்டும்.

மெஷின் மாட்டிய மறுநாள் அப்பாதான் வண்டியை எடுத்தார். காவிரிப் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் இன்டிகேட்டர் போட்டார். வழக்கமாகத் திரும்பிய பிறகும் அது எரிந்துகொண்டே இருக்கும், நான் கையை நீட்டி அணைப்பேன். கவனமில்லை என்று பல தடவை கடிந்திருக்கிறேன். அன்று பாதித் திருப்பத்திலேயே முகம் சுருங்கியது. வண்டியை ஓரம்கட்டினார்.

“டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருது பாரு” என்றார். “இத்தன வருசமா இல்லாத சத்தம். நீ ஒயர் மாத்தறப்ப எதையோ தொட்டுட்டே கண்ணு.”